முடி வளராத மாப்பிள்ளை

சோதனையின் அறுபத்தொன்றாம் நாள் காலை இசக்கியப்பன் ஆய்வகத்துக்குள் வந்து, தொப்பியைக் கழற்றி என் மேசைமேல் வைத்தார். பிறகு தலையைக் குனிந்து என் முகத்துக்கு நேராகக் காட்டினார்.

"தங்கச்சி, நல்லாப் பாருங்க. ஏதாவது தெரியுதா?"

மழமழவென்று மொட்டைத் தலை. மேலே எரிந்த குழல்விளக்கு அதில் நீளமாகத் தெரிந்தது.

"விளக்கு தெரியுது அண்ணாச்சி" என்றேன்.

"அதத்தான் சொல்லுதேன். நான் திருச்செந்தூர்ல மொட்டை போட்டு நாப்பத்தோரு நாளாச்சு. மீசையும் அன்னைக்கு எடுத்ததுதான். ஒரு முள்ளாவது மொளைக்கணும்லா?"

நான் அவர் தலையைத் தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. அது என் வேலையில் அடக்கம் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. ஒரு விரலால் தொட்டேன். எவர்சில்வர் செம்பைத் தொட்டதுபோல் இருந்தது.

பாளையங்கோட்டையில் எங்கள் ஆய்வகத்துக்கு எதிரே அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி வைத்திருந்தார். தானாக ஓடும் கார்கள் வந்த பிறகு யாரும் ஓட்டக் கற்க வருவதில்லை. காரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று கற்கத்தான் வருகிறார்கள். 'போ' என்றால் எங்கே போவது என்று கார் கேட்கும், 'நம்ம வீட்டுக்குப் போ' என்று சொல்ல வேண்டும், கோபத்தில் 'எங்கேயாவது போய்த் தொலை' என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு மணி நேரம் போதும். மீதி நேரம் அவர் சும்மா இருந்தார். எங்கள் வாசலில் 'தன்னார்வலர்கள் தேவை' என்று பலகை வைத்த அன்றே உள்ளே வந்தார். காரணம் கேட்டதற்கு, "உள்ள ஏசி இருக்குல்லா" என்றார்.

சோதனை இதுதான். அரிசி அளவில் ஒரு சிறிய பொருளைக் கையின் மேற்பகுதியில், தோலுக்கு அடியில் வைப்போம். அதற்கு நாங்கள் வைத்த பெயர் பெரியது. எல்லோரும் பூட்டு என்றுதான் சொன்னார்கள். பூட்டு இருக்கும்வரை, மனிதன் சாப்பிட்டாலும் அவன் உடம்பிலுள்ள செல்களுக்கு அது தெரியாது. பட்டினி என்றே நினைத்துக்கொண்டிருக்கும். நூறு நாள் அப்படி இருந்தால் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டும்.

பன்னிரண்டு பேருடன் தொடங்கினோம். அவர்களோடு தினமும் பேசுவது என் பொறுப்பு. எனக்குப் பேச வராது என்று நேர்முகத் தேர்விலேயே சொல்லியிருந்தேன். அதையும் சரியாகச் சொல்லவில்லை போலிருக்கிறது.

"சரி, இத எனக்கு வெளக்கமாச் சொல்லுங்க" என்றார் இசக்கியப்பன், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு. "நான் தெனமும் ஒரே வேளை, காலையில ஆறு இட்லி சாப்பிடுதேன். நீங்க சொன்னபடிதான். பெறவு ஏன் வளரல?"

"செல்லுக்குக் கண்ணு கிடையாது அண்ணாச்சி. சாப்பாடு வந்திருக்குன்னு ரத்தத்துல சேதி வந்தாத்தான் அதுக்குத் தெரியும். அந்தச் சேதியப் பூட்டு மறிச்சிடுது."

"அப்ப என் ஒடம்பையே ஏமாத்துதிய."

"ஆமா."

"ஏமாந்து அது என்ன செய்யுது?"

"ஒரு வீட்டுல வருமானம் நின்னுபோச்சுன்னு வைங்க. என்ன செய்வாங்க? புதுசா எதுவும் கட்ட மாட்டாங்க. பரண்ல கிடக்கிற பழைய சாமானை எடுத்து ஒண்ணொண்ணா வித்துச் சாப்பிடுவாங்க. ஒழுகுற இடத்தை அடைப்பாங்க. செல்லும் அப்படித்தான். வளர்றதை நிறுத்திடுது. உள்ள உடைஞ்சு கிடக்கிற குப்பையைத் தானே தின்னுது. கொழுப்பைக் கரைச்சு மூளைக்குக் குடுக்குது. உங்க ஈரல் இப்ப அஞ்சு வருசம் இளசாயிருக்கு."

"ஈரலை யாரு தங்கச்சி பாக்கப் போறா? எனக்கு இன்னும் இருபத்தேழு நாள்ல கல்யாணம்."

இதுதான் சிக்கல். அவருக்கு வயது நாற்பத்திரண்டு. பத்து வருடங்களாகப் பெண் பார்த்தார்கள். பூட்டு வைத்த பதினைந்தாம் நாள் வரன் கூடிவந்துவிட்டது. மகனுக்கு வரன் கூடினால் மொட்டை போடுவதாக அவர் அம்மா என்றைக்கோ வேண்டியிருந்தார், தனக்கல்ல, மகனுக்கு. இருபதாம் நாள் போய் முடித்துவிட்டு வந்தார்கள். கல்யாணத்துக்குள் வளர்ந்துவிடும் என்று கணக்கு.

எங்கள் படிவத்தில் நூற்றுப் பதினான்கு கேள்விகள் இருந்தன. தாத்தாவுக்குச் சர்க்கரை இருந்ததா என்று கேட்டிருந்தோம். நாய் வளர்க்கிறீர்களா என்றுகூடக் கேட்டிருந்தோம். நேர்த்திக்கடன் ஏதும் பாக்கி உண்டா என்று கேட்கவில்லை.

"எடுத்துருங்க தங்கச்சி. அறுவது நாள் பட்டினின்னு நெனச்ச செல்லு இனியாவது முழிக்கட்டும்" என்றார்.

நான் டாக்டரைக் கேட்டுவிட்டு வருவதாகச் சொன்னேன்.

டாக்டர் நளினாட்சிதான் இந்தப் பூட்டைக் கண்டுபிடித்தவர். அவர் அறைச் சன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் மூன்றாம் மாடி தெரியும். அங்கே உடம்புக்குள் கட்டி வளர்ந்துகொண்டிருக்கும் நாற்பது பேர் சிகிச்சைக்குக் காத்திருந்தார்கள். பூட்டு வைத்தால் கட்டியும் வளராமல் நிற்கும், காலம் கிடைக்கும் என்பது டாக்டரின் நம்பிக்கை. ஆனால் நோயில்லாத ஒருவராவது நூறு நாள் பூட்டோடு இருந்து, பிறகு நன்றாக இருக்கிறார் என்று காட்டினால்தான் அவர்களுக்கு வைக்க அனுமதி கிடைக்கும்.

பன்னிரண்டில் பதினொன்று போய்விட்டது. பாதுகாப்புக்காக, ஒரே நேரத்தில் விருந்து அளவுக்கு உணவு போனால் பூட்டு தானாகவே திறந்துகொள்ளும்படி செய்திருந்தோம். நம் ஊரில் விருந்து எத்தனை என்று நாங்கள் எண்ணியிருக்கவில்லை. மூன்று பேர் ஒரே வளைகாப்பிலும், மூன்று பேர் கல்யாணப் பந்திகளிலும் போனார்கள். ஒருவர் கையில் யாரோ சூடாக அல்வாவை வைத்துவிட்டார்கள். நான்கு பேர் கோயில் கொடை விழாவில் சர்க்கரைப் பொங்கலும் பஞ்சாமிர்தமும் சாப்பிட்டுவிட்டு, குறிப்பேட்டில் 'இன்று ஒன்றும் சாப்பிடவில்லை' என்று எழுதியிருந்தார்கள். விசாரித்தபோது அந்த நால்வரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். பிரசாதம் சாப்பாட்டில் சேராது.

டாக்டர் நான் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார்.

"விலகறதுக்கு ஒரு படிவம் இருக்கு, சென்னையிலிருந்து வரணும்னு சொல்லு."

"அப்படி ஒரு படிவம் இருக்கா மேடம்?"

"இல்ல. அதனாலதான் வர நாளாகும்."

நான் நின்றேன். டாக்டர் சன்னலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பிறகு வெளியே வந்து இசக்கியப்பனிடம் அப்படியே சொன்னேன். எனக்குப் பொய் சொல்ல வராது என்று நினைத்திருந்தேன். பேச்சைவிட அது சுலபமாக வந்தது.

"சரி தங்கச்சி. நீங்க சொன்னா சரிதான்" என்று தொப்பியை எடுத்துக்கொண்டு போனார்.

இரண்டு நாள் கழித்து அவரிடமிருந்து அழைப்பு வந்தது. எடுத்தால் அவர் பேசவில்லை. சட்டைப் பைக்குள் இருந்தபடியே கை பட்டிருக்க வேண்டும், அல்லது எனக்குக் கேட்கட்டும் என்றே விட்டிருக்க வேண்டும். பெண்ணின் தாய்மாமன் உலகநாதன் வந்திருந்தார். கூடவே ஒரு முடிதிருத்துபவரையும் அழைத்து வந்திருந்தார்.

"பூ வைக்க வந்தன்னைக்கும் மொட்டை. இன்னைக்கும் மொட்டை" என்றது உலகநாதனின் குரல். "நடுவுல எதுக்கு மறுபடி எடுத்திய? வீட்டுல யாரும் தவறிப்போயிட்டாங்களா? மறைக்காதிய."

"என் வாயில நல்லா வருது" என்றது இசக்கியப்பனுடைய அம்மாவின் குரல். "நாங்க எல்லாரும் குத்துக்கல்லாட்டம் இருக்கோம். யாரு தவறணும்ங்கிய?"

"மருதையா, நீ தலையைப் பாருடே."

தலையைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. பிறகு மருதையாவின் குரல் வந்தது. "அண்ணாச்சி, நாப்பது வருசமாத் தலை பாக்கேன். இது எடுத்த தலையில்ல. வளராத தலை."

"அப்ப சீக்கா?"

"சீக்குத் தலைன்னா மங்கியிருக்கும். இது மினுங்குதே. இப்பிடி ஒரு தலைய நான் பாத்ததே இல்ல. நல்ல தலைதான். ஆனா எனக்குப் பொழப்பு குடுக்காது."

உலகநாதன் முடிவாகச் சொன்னார். "பத்து நாளு. அதுக்குள்ள கறுப்பா ஏதாவது கண்ணுல படணும். இல்லைன்னா பத்திரிகை அடிக்க வேண்டாம்."

மருந்துச் சோதனைக்குப் போனவன் என்று தெரிந்தால் யாரும் பெண் தரமாட்டார்கள் என்று இசக்கியப்பன் வீட்டில்கூட ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. அதனால் பேசாமல் இருந்தார். நான் இந்தப் பக்கம் பேசாமல் இருந்தேன்.

அறுபத்தெட்டாம் நாள் ஒரு பெண் ஆய்வகத்துக்கு வந்தாள். பருத்திப் புடவை, தோளில் கனமான பை. பையிலிருந்து எங்கள் ஒப்புதல் பத்திரத்தை எடுத்து மேசையில் வைத்தாள். பதினாறு பக்கங்கள். ஓரங்களில் பென்சிலால் குறித்திருந்தாள்.

"நான் ஆவுடை. அவுகளுக்குப் பேசியிருக்க பொண்ணு. நேத்துத்தான் எங்கிட்ட எல்லாம் சொன்னாவ."

நான் நாற்காலியைக் காட்டினேன்.

"நான் பதிவு ஆபீஸ் வாசல்ல பத்திரம் எழுதுதேன். முழுசாப் படிக்காமக் கையெழுத்துப் போடுறவங்களாலதான் எங்க வீட்டுல அடுப்பெரியுது. இதை எழுதினது யாரு?"

"நானும் டாக்டரும்."

"ஒம்பதாம் பக்கத்துல, அடியில, பொடி எழுத்துல இருக்கு. 'முடி, நகம் போன்றவற்றின் வளர்ச்சி மட்டுப்படலாம்.' மட்டுப்படலாமா? நின்னே போச்சு."

"எலிக்கு மட்டுப்பட்டுது. மனுசனுக்கு நிக்கும்னு எங்களுக்குத் தெரியாதுக்கா."

"போன்றவைன்னா என்னென்ன?"

நான் அந்தப் பக்கத்தை மறுபடி படித்தேன். அவள் காத்திருந்தாள். கடைசியில் அந்த வீட்டுக் கதையைத்தான் அவளுக்கும் சொன்னேன். வருமானம் நின்ன வீடு புதுசா எதுவும் கட்டாது என்றேன்.

"கல்யாணமும் வைக்காது. கொழந்தையும் பெறாது" என்றாள். "அதான போன்றவை?"

"ஆமாக்கா. அவர் உடம்புல அதுவும் இப்ப நிறுத்தி வச்சிருக்கும்."

"பூட்டை எடுத்தா?"

"திரும்பிடும். எலிக்கு மூணு வாரத்துல திரும்பிடுச்சு."

"எலிக்கு முப்பத்தேழு வயசாகல்ல. எனக்கு ஆகியிருக்கு." பத்திரத்தைப் புரட்டினாள். "அவுக வெலகணும்னு கேட்டதுக்கு, சென்னையில இருந்து படிவம் வரணும்னு நீங்க சொன்னியளாம். பதினாலாம் பக்கத்துல என்ன இருக்கு? நீங்களே வாசிங்க."

வாசித்தேன். எந்த நேரத்திலும், காரணம் சொல்லாமல், வாய்மொழியாகவே விலகலாம் என்று இருந்தது. அந்த வரியை எழுதியது நான்தான்.

என் காது சுட்டது. எழுந்து வாசலுக்குப் போனேன். இசக்கியப்பன் எதிரே தன் பள்ளி வாசலில் நின்று, ஒரு கல்லூரி மாணவியிடம் காரைத் திட்டாமல் இருப்பது எப்படி என்று சொல்லிக்கொண்டிருந்தார். சாலையைக் கடந்து போய், "அண்ணாச்சி, நான் சொன்னது பொய். படிவமே கிடையாது. இப்பவே எடுத்துடலாம், அஞ்சு நிமிசம்தான்" என்றேன். வாழ்க்கையில் நான் சாலையில் நின்று பேசிய மிக நீளமான பேச்சு அது.

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "சரி, வாங்க" என்று முன்னால் நடந்தார்.

கட்டிலில் படுத்துச் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டார். நான் மரத்துப்போகும் ஊசியை எடுத்தேன். டாக்டர் வந்து கதவருகில் நின்றார்.

ஆவுடைதான் கேட்டாள். "இவுக வெலகுனா இந்தச் சோதனை என்ன ஆகும்?"

"மறுபடி பன்னிரண்டு பேரைத் தேடணும். ஒரு வருசம் ஆகும்" என்றேன்.

"யாருக்காக இதெல்லாம்?"

டாக்டர் சன்னலைக் கைகாட்டிச் சொன்னார். கட்டிகளைப் பற்றி, காத்திருப்பதைப் பற்றி, நாலே வாக்கியம்.

"நாப்பது பேரா?" என்றார் இசக்கியப்பன்.

"முப்பத்தெட்டு. நேத்து அங்க உள்ள பலகையில மாத்தி எழுதினேன்" என்றார் டாக்டர்.

இசக்கியப்பன் எழுந்து உட்கார்ந்தார். சுருட்டிய கையைக் கீழே இறக்கிவிட்டார்.

"பாதிப் பாலத்துல ரிவர்ஸ் எடுன்னு நான் யாருக்கும் சொல்லிக்குடுத்ததில்ல" என்றார்.

"எங்கிட்டயும் ஒரு வார்த்தை கேக்கணும்லா?" என்றாள் ஆவுடை.

"கேக்கேன். என்ன சொல்லுத?"

அவள் விரல்களை மடக்கினாள். "முப்பத்திரண்டு நாள். பெறவு எலிக்கணக்கு மூணு வாரம். அது பொய்யாப் போச்சுன்னா இன்னும் எவ்வளவோ." நிமிர்ந்து டாக்டரைப் பார்த்தாள். "அது பொய்யாப் போச்சுன்னா நீங்க என்ன செய்விய?"

"தெரியல" என்றார் டாக்டர்.

"இந்த ஆபீஸ்ல நான் கேட்ட மொத உண்மை" என்று பையை மாட்டிக்கொண்டாள். "சரி. இருக்கட்டும். நூறாம் நாளு பத்தரைக்கு எடுத்துரணும். பத்தே முக்காலுன்னா நானே பிளேடோட வருவேன்."

"மாமா கேட்டா முடிக்கு என்ன சொல்ல?" என்றார் இசக்கியப்பன்.

"விரதம்னு சொல்லுவேன்."

"பொய்தான?"

"என்ன பொய்? ஒரு வேளைதான் சாப்பிடுதிய. அடுத்தவங்களுக்காக இருக்கிய. சொன்ன நாள் வரைக்கும் இருக்கப் போறிய. இது விரதமில்லைன்னா பெறவு எதுதான் விரதம்?"

உலகநாதன் அவ்வளவு எளிதில் விடவில்லையாம். விரதம் என்றால் தாடி வளர்க்க வேண்டுமே, இது தலைகீழாக அல்லவா இருக்கிறது என்று கேட்டிருக்கிறார். தாடி வளர்ப்பது அந்தச் சாமிக்கு, இது வேறு சாமி என்று ஆவுடை சொல்லியிருக்கிறாள். எந்தச் சாமி என்றதற்கு, பெயர் சொல்லக் கூடாத விரதம் என்றிருக்கிறாள். அதன் பிறகு அவரால் ஒன்றும் கேட்க முடியவில்லை. மறுநாளே பத்திரிகை அச்சுக்குப் போனது. மருதையா தெருவெல்லாம் சொல்லிவிட்டார், அந்தத் தலையில் கத்தி வைக்கத் தனக்குக் கை வரவில்லை, ஏதோ தடுத்தது என்று. தடுத்தது எதுவுமில்லை. வெட்ட முடி இல்லை.

எண்பத்தெட்டாம் நாள் கல்யாணம். டாக்டர் என்னை அனுப்பினார். "மற்ற பதினொரு பேரும் ஊர் விசேஷத்துல போனவங்க. இவருக்கு விசேஷமே இவருடையது. பக்கத்துலயே இரு."

மண்டபத்தில் எனக்கு யாரையும் தெரியாது. ஒரு தூணுக்குப் பின்னால் நின்றேன். ஒரு பெரியம்மா என்னைக் கண்டுபிடித்துவிட்டார். "நீ யாரு பிள்ளை? பொண்ணு பக்கமா, மாப்பிள்ளை பக்கமா?"

"மாப்பிள்ளைக்குத் தங்கச்சி முறை."

"கூடப் பிறந்தவளா?"

"எதிர்த்த ஆபீஸ்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு என்னை மணமேடைக்கு அருகில் உட்காரவைத்துவிட்டார்.

மொட்டை மாப்பிள்ளையை யாரும் கேலி செய்யவில்லை. வயதானவர்கள் வந்து அவர் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். காப்பி கொண்டுவந்தவனை, "விரதக்காரருக்குப் போயிக் காப்பி நீட்டுதான் பாரு" என்று விரட்டினார்கள். அறிவியலுக்காகச் சாப்பிடாதவர் என்றால் இதே கூட்டம் அவர் வாயைப் பிளந்து ஊட்டியிருக்கும்.

தாலி கட்டியதும் பால்பழம் வந்தது. பெரிய வெள்ளிக் கிண்ணம், பிசைந்த வாழைப்பழம், மேலே சீனி. ஆறு அத்தைகள் வரிசையாக நின்றார்கள். என் கைப்பையில் அளவு காட்டும் கருவி இருந்தது. காலை இட்லிக்கு மேல் இனிப்பு மூன்று கரண்டியைத் தாண்டினால் பூட்டு திறந்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒருவருக்கு மூன்று என்றால் பதினெட்டு.

"விரதம்லா அத்தை" என்றார் இசக்கியப்பன்.

"இது சாப்பாடு இல்லய்யா, சடங்கு" என்றார் முதல் அத்தை. கரண்டி புறப்பட்டுவிட்டது. அவர் என்னைப் பார்த்தார். நான் எழுந்தேன். எழுந்து என்ன செய்வது என்று தெரியவில்லை.

ஆவுடை மாலையோடு குறுக்கே சாய்ந்து அந்தக் கரண்டியைத் தன் வாயில் வாங்கிக்கொண்டாள்.

மண்டபத்தில் சிரிப்பு வெடித்தது. "ஏ, தாலி ஏறி இன்னும் கண்ணிமைக்கல, அதுக்குள்ள புருசன் பங்கைப் புடுங்கித் திங்கா!"

"அவுகளுக்குள்ளது எனக்குந்தான" என்றாள் ஆவுடை, வாய் நிறைய. அடுத்த கரண்டியும் அவளுக்குத்தான் போனது. தன் பங்கு பதினெட்டு, அவர் பங்கு பதினெட்டு. கடைசியில் அவள் கண்ணில் நீர் வந்துவிட்டது. பெண் பிறந்த வீட்டை நினைத்து அழுகிறாள் என்று பேசிக்கொண்டார்கள்.

பந்தியில் மாப்பிள்ளைக்கு இலை போட்டே ஆக வேண்டும் என்றார்கள். இலை வெறுமையாக இருப்பது நல்லதல்ல என்றும் சொன்னார்கள். அதனால் அவருக்கு ஒரு பக்கம் ஆவுடை, மறுபக்கம் நான். பரிமாறப் பரிமாற அவர் என் பக்கம் தள்ளினார். நாலு பேர் பார்க்கச் சாப்பிடுவது எனக்குப் பிடிக்காது. அன்று நானூறு பேர் பார்க்க இரண்டு இலைச் சாப்பாடு சாப்பிட்டேன். வீடியோவில் அது முழுவதும் இருக்கிறது.

நூறாம் நாள் பத்தரைக்குப் பூட்டை எடுத்தோம். ஆவுடை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பையில் பிளேடு இருந்ததா என்று நான் கேட்கவில்லை. அன்று மதியம் இசக்கியப்பனின் அம்மா சமைத்த சாப்பாட்டை அவர் ஒரு மணி நேரம் சாப்பிட்டார். நான் இரத்த மாதிரி எடுத்துக் கருவியில் வைத்தேன்.

வளர்ச்சி இல்லை.

மறுநாளும் இல்லை. ஒரு வாரம் ஆனது. இரத்தத்தில் சர்க்கரை வந்தது, புரதம் வந்தது, சேதியும் வந்தது. மறிப்பதற்கு ஒன்றுமில்லை. செல்கள் எதையும் கண்டுகொள்ளவில்லை. குப்பையைத் தின்றுகொண்டு, ஒழுகலை அடைத்துக்கொண்டு, சிக்கனமாக இருந்தன. மூன்று வாரம் ஆனது. எலிக்கணக்கு பொய்யாய்ப் போனது.

"ஏன் மேடம்?" என்றேன்.

"நூறு நாள் பொய் சொன்னோம்" என்றார் டாக்டர். "இப்ப உண்மையைச் சொன்னா, உடனே நம்பிடணுமா?"

வளர்ச்சி திரும்பியது என்று காட்டாமல் இரண்டாம் கட்டத்துக்கு அனுமதி கிடையாது. எதிர்க் கட்டடத்துப் பலகையில் முப்பத்தாறு என்று இருந்தது. டாக்டர் சன்னலைச் சாத்தியே வைத்தார். ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஆவுடை அழைப்பாள். ஒரே வார்த்தைதான் கேட்பாள்.

"உண்டா?"

"இல்லக்கா."

"சரி." வைத்துவிடுவாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பூட்டை எடுத்த முப்பத்து நாலாம் நாள். அன்று திங்கட்கிழமை அல்ல. காலையில் இசக்கியப்பன் அழைத்தார்.

"தங்கச்சி, ஒரு விசயம். எப்பிடிச் சொல்லன்னு தெரியல."

"உடம்புக்கு ஏதாவதா அண்ணாச்சி?"

"ஒடம்பு நல்லாத்தான் இருக்கு." தொண்டையைச் செருமினார். பின்னால் ஆவுடையின் குரல் ஏதோ சொன்னது. "ஏளா, நான்தான் சொல்லுதேன்லா, செத்த இரு. தங்கச்சி, நான் கண்ணாடியில பாத்துட்டேன். ஒண்ணும் தெரியல. கையால தடவியும் பாத்துட்டேன். எனக்கு ஒண்ணும் தெரியல."

"சரி."

"ஆனா மீசை குத்துதுன்னு அவ சொல்லுதா."

நான் பேனாவை எடுத்தேன். படிவத்தில் முதல் கட்டம் நேரம்.

"எத்தனை மணிக்கு அண்ணாச்சி?"

அந்தப் பக்கம் ஆவுடை சிரிப்பது கேட்டது.

"அதெல்லாமா எழுதணும்?" என்றார் கடைசியில்.

"வேண்டாம் அண்ணாச்சி" என்று வைத்துவிட்டேன். என் முகம் எரிந்தது. நேரம் என்ற கட்டத்தில் 'காலை' என்று எழுதினேன். அடுத்த கட்டம், அளவிடப் பயன்படுத்திய கருவி. எங்களிடம் ஒன்பது கருவிகள் இருந்தன. ஒன்றுகூட இதைக் கண்டுபிடிக்கவில்லை. வெகுநேரம் யோசித்துவிட்டு, 'கன்னம்' என்று எழுதினேன்.

டாக்டர் நளினாட்சி அந்தத் தாளை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.

"ஒரு தடவை அளந்ததை வச்சு எதுவும் சொல்ல முடியாது. மறுபடி சரிபார்க்கச் சொல்லு."

"பார்த்துட்டாங்களாம் மேடம்" என்றேன்.

அவர் எழுந்து போய்ச் சன்னலைத் திறந்தார். பிறகு தொலைபேசியை எடுத்து, எதிர்க் கட்டடத்து மூன்றாம் மாடியின் எண்ணை அழுத்தினார்.